வெள்ளாற்றங்கரையில் தண்டோரா போடாத நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, உங்கள் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். முடிந்துபோன சிக்கல்களைப் பற்றி நிதானமாக எழுதுவார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. என் சிக்கலும் முடியவில்லை. என் மீதான விசாரணை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். நான் சொல்லப்போகும் நிலைமை உங்களில் யாருக்காவது வருகிற ஐப்பசியிலேயே வரலாம்.

பட்டா மாறுதல், அடங்கல், சான்றிதழ்ப் பரிந்துரை எல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும். என் அப்பா கடலூருக்கு வெளியே ஓர் ஊரில் தண்டோரா போடுகிறவராக இருந்தார். வரி வசூலானாலும், ஏரி மதகு திறப்பானாலும், யார் வீட்டு மாடாவது காணாமல் போனாலும் அவர்தான் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் வாசலில் ஆள் வந்து நிற்கும். என் வயதுப் பையன்கள், "டேய், கேக்கல, இன்னொரு தரம் சொல்லுடா" என்பார்கள். அப்பா இன்னொரு தரம் சொல்வார். என்னைக் கடலூர் முதுநகரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்தவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தேர்வு எழுதி, வரிசை எண் வாங்கி, இந்த நாற்காலிக்கு வந்தேன். இதைச் சொல்லும்போது என் குரல் தாழ்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தண்டோரா போடும் வழக்கத்துக்கு அரசு தடை விதித்தது. எதை அறிவிப்பதானாலும் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும். ஆளை வைத்துப் பறையடிக்கச் சொன்னால் சொன்னவர் மீது நடவடிக்கை. அந்த உத்தரவு வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. நான் அதை அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அப்போது எனக்குப் புவனகிரிக்குக் கிழக்கே வெள்ளாற்றங்கரையில் ஓர் ஊர். தடை வந்ததும் அங்கே பறையடித்துக்கொண்டிருந்த ஏழுமலை பறையைத் தன் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். ஐம்பதை நெருங்கிய ஆள். அவருடைய மகன் சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். இனிமேல் அதைத் தொடமாட்டேன் என்று மகனிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஊராட்சியில் ஒரு மைக் செட்டு வாங்கினார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தாயிற்று என்று எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் அலுவலகங்களின் பழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் போனதும் பார்ப்பீர்கள். மழை எச்சரிக்கைச் செய்தியை யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன வருடத்துச் செய்தியை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். போன வருடத்தில் அனுப்பியது அதற்கு முந்திய வருடத்துச் செய்தி. அதனால் தடை வந்த பிறகும் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தி இப்படித்தான் இருக்கும்: "கரையோர மக்களுக்குத் தண்டோரா மூலம் அறிவித்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்பவும்." தடை உத்தரவை நமக்கு அனுப்பியதும் அதே அலுவலகம்தான். நான் ஒரு தடவை இதை எடுத்துச் சொன்னேன். "வார்த்தையப் புடிச்சிக்கிட்டுத் தொங்காதம்மா, வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

அந்தப் பிற்பகலில் அதே செய்திதான் வந்தது. மேற்கே விடாமல் மழை. ஆற்றில் உபரி நீர் திறந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் பக்கம் வந்துவிடும். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வான இடத்தில் படுகைத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவை முழுவதும் காலி செய்து மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. செல்போன் சிக்னலும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. படுகைத் தெருவுக்குப் போகும் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

நானும் கிராம உதவியாளர் முருகையனும் கடைத்தெருவுக்கு ஓடினோம். டீக்கடைச் சார்ப்பின் கீழே பத்துப் பதினைந்து ஆண்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவர்களோடு தலைவரும் இருந்தார். எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் ஊரில் தலைவர் என்று கூப்பிடுவது அவருடைய கணவரை. அவர் இல்லாமல் எதுவும் நகராது.

"தலைவரே, மைக் செட்டு எங்க?" என்றேன்.

"சிதம்பரத்துல இருக்கு மேடம். நம்ம மச்சான் வூட்ல காதுகுத்து. மண்டபத்துல கட்டியிருக்காங்க. நாளைக்கு வந்துடும்."

"நாளைக்கு வரட்டும்னு வெள்ளத்துகிட்ட சொல்லிடலாமா?"

யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் மாறியது.

"மைக்கு எதுக்கு மேடம்? ஏழுமலையக் கூப்புட்டு வுடுங்க. ரெண்டு தட்டு தட்டுனான்னா தெரு மொத்தமும் மேட்டுக்கு வந்துடும். அவன் மோளம் அக்கரை வரைக்கும் கேக்கும்."

"தடை இருக்கு தலைவரே."

"தடையெல்லாம் சும்மா இருக்கிற நாளுக்கு. ஆபத்துல தடையா? தோ பாருங்க, உங்க ஆபீஸ்லருந்தே போட்டுருக்காங்க, தண்டோரா மூலம்னு." அவர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

முருகையன் என் காதருகே வந்து, "மேடம், இந்த ஒரு தரம் மட்டும் கூப்புட்டுக்கலாம். யாரும் கேக்கமாட்டாங்க. மேல இருந்தே போட்டுருக்காங்க, நம்ம மேல தப்பு வராது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் சட்டம் எப்போதும் இப்படித்தான் நம் முன்னால் வந்து நிற்கும். மீறச் சொல்கிறவரிடம் நல்ல காரணம் இருக்கும். ஆதாரத்துக்கு மேலிடத்துச் செய்தியும் கையில் இருக்கும். கடைப்பிடிக்கச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நான் அங்கே நின்று யோசித்தேன். உயிரா உத்தரவா என்று கேட்டால் உயிர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சார்ப்பின் கீழே நின்ற அத்தனை ஆண்களுக்கும் கை இருந்தது, குரல் இருந்தது. எல்லாருடைய கண்ணும் ஏன் ஒரே ஒருவரின் வீட்டுப் பக்கம் திரும்புகிறது? அந்தத் தடை எதற்காக வந்ததோ, அது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"ஆபத்துல யார வேணா உதவிக்குக் கூப்புடலாம்னு சட்டம் இருக்கு தலைவரே. நான் உங்களக் கூப்புடுறேன். இங்க இருக்கிற எல்லாரையும் கூப்புடுறேன். ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கங்க. எல்லாருமா தட்டிக்கிட்டுப் போனா தெரு எழுந்துடும்."

ஒருவரும் அசையவில்லை.

"என்னா மேடம், எங்களத் தண்டோரா போடச் சொல்றீங்களா?" என்றார் ஒருவர்.

"நாங்க தட்டு தட்டிக்கிட்டுப் போனா நாளைக்குப் பொண்ணு குடுத்த ஊர்ல சிரிக்கமாட்டாங்களா?" என்றார் இன்னொருவர்.

"நான் வேணா பைக்ல போயி சொல்லிட்டு வரேன் மேடம்" என்றான் ஒரு பையன். முழங்கால் தண்ணீரில் பைக் எங்கே போகும்? வண்டியை உதைத்துப் பார்த்தான். பாதையில் இறங்கியதும் நின்றுவிட்டது. அதைத் தள்ளி மேலேற்ற நாலு பேர் ஓடினார்கள். தட்டை எடுக்க ஒருவரும் வரவில்லை. போய்ச் சொல்ல ஆள் தேடினோம், கெஞ்சினேன், அதட்டினேன். தலைவர், "ஏழுமலையக் கூப்புடுறதுக்கு இவ்ளோ யோசனையா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இதிலே போன நேரத்தைத்தான் பிறகு எல்லாரும் என் கணக்கில் எழுதினார்கள்.

கடைசியில் டீக்கடைக்காரரின் எவர்சில்வர் தட்டை நானே எடுத்தேன். ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தட்ட ஆரம்பித்தேன். முருகையன் விசிலை ஊதிக்கொண்டு பின்னால் வந்தார். "தண்ணி வருது, பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க!" என்று கத்தினேன். சார்ப்பின் கீழிருந்து ஒரு குரல் வந்தது: "பரம்பரை எங்க போவும்!" அதற்கும் சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. அப்பாவும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் பயத்தினால் பார்க்காமல் இருந்தாரா, வேறு காரணத்தினாலா என்று அந்த நிமிடம்தான் யோசித்தேன். நான் பயப்படவில்லை. என் கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை தொங்கியது. என் மேல் நனையாமல் இருந்தது அதிலிருந்த என் பெயர் மட்டும்தான்.

படுகைத் தெருவில் முதலில் வெளியே வந்தவர்கள் பெண்கள். மகளிர் குழுவைச் சேர்ந்த சாந்தி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தட்டினாள். "அக்கா, வூட்டுல பால் காய்ச்சிட்டு இருந்தேன், அப்புடியே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று கத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு நகர ஆரம்பித்தது.

தெருவின் கோடியில் ஏழுமலை வீடு. அவர் வெளியே வந்து என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"என்னா மேடம், நீங்க தட்டுறீங்க?"

"தண்ணி வருதுண்ணே. எல்லாரையும் மேல ஏத்தணும்."

அவர் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் எடுக்கட்டுமா?"

எதை என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்டபோது கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். என் அப்பா வாசலில் வந்து நின்ற ஆட்களுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார். அந்த நிலையில் ஓர் அதிகாரி முன்னால் ஒருவர் கேட்பதை அவருடைய விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? "வேணாம்ணே. கைய வீசிக்கிட்டு வாங்க. வாயால சொல்லுங்க, போதும்" என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்து வீடு வீடாகக் கூப்பிட்டார். முடியாதவர்களைத் தோளில் சுமந்துகொண்டு போய் மேட்டில் விட்டார்.

அந்தத் தெருவில் யாரும் சாகவில்லை. இதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரும் இதைச் சொல்லப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். மங்கா என்ற பெண் தனியாக நின்றாள். "எங்க வூட்டுக்காரு திட்டுல மாடு புடிக்கப் போனாரு. இன்னும் வரல" என்றாள். அவளுடைய கணவர் கன்னியப்பன். ஆற்றின் நடுவில் புல் மண்டிய மணல் திட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மாதிரிதான் இருக்கும், இறங்கி நடக்கலாம். சாதாரண நாளில்.

நாங்கள் கரைக்கு ஓடினோம். ஏழுமலைதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. திட்டில் கன்னியப்பன் ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். "கன்னியப்பா! வுட்டுட்டு வாடா!" என்று ஏழுமலை கத்தினார். எல்லாரும் கத்தினோம். நான் தட்டைத் தட்டினேன். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் முழுவதும் எங்களுக்குப் பின்னால்தான் போயிற்று. அவர் திரும்பிப் பார்த்தபோது நடுவிலிருந்த வாய்க்கால் ஆறாகியிருந்தது. கன்றை விட்டார். இறங்கினார். கயிறு கொண்டுவர ஆள் ஓடியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் கரை ஒதுங்கினார்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். மங்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மோளச் சத்தம் கேட்டா மாட்ட வுட்டுட்டு வந்துடுவாரும்மா. எப்பவும் அப்புடித்தான் வருவாரு. அவருக்கு வேற சத்தம் எதுவும் காதுல ஏறாது" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தன் வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்கிற குரல்.

பறை ஒலித்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்குமா? அந்தக் காற்றில் எதுவும் கேட்டிருக்காது என்று முருகையன் சொல்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் சொல்கிறேன்: கேட்டிருக்கலாம்.

ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தட்டை எடுக்காத கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. காதுகுத்து மண்டபத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த மைக் செட்டைப் பற்றியும் பேசவில்லை. "ஏழுமலை அடிச்சிருந்தா கன்னியப்பன் பொழைச்சிருப்பான்" என்றார்கள். டீக்கடைக்கு ஏழுமலை போனால், "வாங்க சார், மோளம் தொட்டா கை அழுக்காயிடுமோ?" என்பார்கள். கட்டட வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. குழாயடியில் அவர் மனைவி குடத்தை வைத்தால் அதைத் தள்ளி வைத்தார்கள். நான் டீக்கடைக்கே போய், "அவரு கேட்டாரு, நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நான் இந்தப் பக்கம் வந்ததும், "ஒரே ஆளுங்க, வுட்டுக் குடுப்பாங்களா?" என்று பேசிக்கொண்டதாக முருகையன் சொன்னார்.

உத்தரவைக் கடைப்பிடித்தவள் நான். அதற்கான தண்டனை போய்ச் சேர்ந்தது அவருக்கு. எனக்குப் பின்னால் ஒரு துறை இருந்தது, சங்கம் இருந்தது, கோப்பு இருந்தது. அவருக்கு அந்த ஊர் மட்டும்தான் இருந்தது. சட்டத்தை அமல்படுத்துகிற நாம், அமல்படுத்திய மறுநாள் அது யார் தலையில் போய் உட்காருகிறது என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பிறகு அறிக்கை. எங்கள் வருவாய் ஆய்வாளர் எனக்கு உதவுவதாக நினைத்து அவரே எழுதிக்கொண்டு வந்தார். "தண்டோரா போட அழைத்தும் மேற்படி ஏழுமலை வர மறுத்துவிட்டார்" என்று ஒரு வரி அதில் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டுடும்மா. உனக்கும் பிரச்சினை இல்ல, ஆபீசுக்கும் பிரச்சினை இல்ல."

"ஏழுமலைக்கு, சார்?"

"அவன என்னா பண்ணிடப் போறாங்க? அவன் என்னா கவர்மென்ட் ஆளா?"

"அவரு மறுக்கல சார். எடுக்கட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

அவர் பேனாவை மூடினார். "அத எழுதிக் குடுத்தா உன் வேலைக்கே ஆபத்து. சின்ன வயசு, கஷ்டப்பட்டுப் படிச்சி வந்தவ. யோசிச்சிக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அதை ஒரு பொய்க்குக் கீழே போடுவதற்காகவா அப்பா அத்தனை தெரு நடந்தார்? நடந்ததை நடந்தபடி எழுதினேன். மைக் செட்டு எங்கே இருந்தது என்பதையும் எழுதினேன். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. கடலூர்ப் பக்கம் மாறுதலும் வந்தது.

விசாரணைக்குச் சிதம்பரம் போனேன். விசாரணை அதிகாரி மோசமானவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"பேரிடர் சமயத்துல யாரையும் வேலைக்குக் கூப்பிட அதிகாரம் இருக்கும்மா. அத ஏன் பயன்படுத்தல?"

"பயன்படுத்தினேன் சார். அங்க இருந்த எல்லாரையும் கூப்பிட்டேன். யாரும் வரல. யாரையும் கூப்பிடலாம்னா, அவர மட்டும் ஏன் கூப்பிடணும்?"

கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, "உங்க அப்பாவும் இதே வேலை செஞ்சவர்னு ஒரு மனு வந்திருக்கு. சொந்தக் காரணத்துக்காகத்தான் உத்தரவப் புடிச்சிக்கிட்டீங்கன்னு சொல்றாங்க" என்றார்.

"ஆமா சார், என் அப்பா தண்டோரா போட்டவர்தான். அதனாலதான் அந்த உத்தரவு ஏன் வந்துச்சின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருக்கிறது குத்தமா சார்?"

அவர் தலை நிமிரவில்லை. அதை எழுதிக்கொண்டாரா என்றும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து கடலூர் பஸ்ஸுக்காகப் பேருந்து நிலையத்தில் நின்றபோது ஏழுமலையைப் பார்த்தேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஊரைவிட்டு வந்துவிட்டாராம். மகன் படிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க என்னை விடவில்லை.

"இங்க யாரும் என்னைய டேய்னு கூப்புடறது இல்ல மேடம்" என்றார். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அப்ப எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சி. பையன்கிட்ட பண்ண சத்தியம் பொழைச்சிதேன்னு. அந்த நிம்மதிதான் மேடம் என்னைத் தூங்க வுடல. கன்னியப்பன் அங்க மாட்டத் தொரத்திக்கிட்டு இருக்கான், நான் இங்க நிம்மதியா நிக்கிறேன்."

"உங்க தப்பு இல்லண்ணே."

"தப்புன்னு சொல்லல. தூக்கம் வரலன்னு சொல்றேன்."

எந்த விசாரணையிலும் இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

மறுபடி அதே பிற்பகல் வந்தால் என்ன செய்வேன் என்று வகுப்பில் கேட்பீர்கள். அவரைக் கூப்பிடமாட்டேன். இதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் அந்த உத்தரவுக்கு நாங்கள் கீழ்ப்படிந்திருக்க வேண்டிய நாள் மழை கொட்டிய அந்த நாள் அல்ல. வானம் வெளுத்துக் கிடந்த சித்திரையில், அந்த மைக் செட்டு முதன்முறையாக ஒரு கல்யாணத்துக்குப் போனபோதே அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆற்றங்கரையில் ஓர் அபாயச் சங்கு வைக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் நச்சரித்திருக்க வேண்டும். மற்றவர்கள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒரு சட்டம் பழைய வழக்கத்தை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வேறு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது நம் வேலை. வைக்காமல் விட்டால் அந்தக் காலி இடத்தில் யாராவது ஒருவர் செத்துப்போவார். அதற்குச் சட்டத்தைத்தான் குறை சொல்வார்கள்.

இப்போது என் அலுவலகத்தில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறது. எந்த மச்சான் வீட்டு விசேஷத்துக்கும் அது போகாது. வாரம் ஒருமுறை அதைப் பேசவைத்துப் பார்க்கிறேன். "மழையே காணோம், எதுக்கு மேடம் சும்மா சும்மா கத்துறீங்க?" என்று தெருவில் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இந்த வருடத்து முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். "தண்டோரா மூலம் அறிவித்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்பவும்." அந்த வார்த்தை தடைசெய்யப்பட்டது, திருத்தி அனுப்பவும் என்று கீழே எழுதினேன். என் செய்திக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அலுவலகத்துச் செய்திக்குக் கீழே மட்டும் கட்டைவிரல் படங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

என் அப்பாவும் வாழ்நாள் முழுவதும் கட்டைவிரலைத்தான் வைத்தார். வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும், "இதுல என்னா எழுதியிருக்குங்க?" என்று கேட்பார்.